கம்பளிக்குச் சாயம்: கேள்விகளும் பதில்களும்

கம்பளி, கேஷ்மியர் (ஒருவகை வெள்ளாட்டின் மென்மயிர்) ஆடைகளுக்கு வீட்டிலேயே சாயமிட விரும்புவோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பருத்திச் சட்டைக்கு வாங்கிய சாயமும் சலவை சோடாவும் மீதம் இருக்கின்றன. ஸ்வெட்டருக்கு ஆகுமா?

சோடாவை எடுத்து ஒளித்து வையுங்கள். நம் தலைமுடியைப் போலக் கம்பளியும் கெரட்டின் என்ற புரதம். சோடாவின் காரத்தன்மை அதை அரித்துவிடும். பருத்திக்குக் காரம் என்றால் கம்பளிக்குப் புளிப்பு. அமிலச் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நாம் சேர்க்கும் அமிலம் வெறும் வினிகர்தான்.

சூடுபட்டால் சுருங்கிவிடும் என்கிறார்களே?

பழி முழுவதையும் சூட்டின் மேல் போடுவது நியாயமில்லை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடான நீரில் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. ஆகவே கிளறாதீர்கள், அவசரப்படாதீர்கள்.

செய்முறை இதுதான். முதலில் உலர்ந்த ஆடையை எடை போடுங்கள். நடுத்தர நிறத்துக்கு 100 கிராமுக்கு 1 கிராம் சாயத்தூள். கறுப்புக்கு அதைப்போலப் பல மடங்கு. ஆடையை இளஞ்சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பெரிய பாத்திரத்தில், கரைத்து வடிகட்டிய சாயத்தோடு ஆடையை இட்டு, முக்கால் மணி நேரமாவது எடுத்துக்கொண்டு 85 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுங்கள். கொதிக்க வேண்டாம். பாதி வழியில் ஆடையை ஓரமாக ஒதுக்கிவிட்டு வினிகர் ஊற்றுங்கள். 300 கிராம் ஸ்வெட்டருக்கு 100 மில்லி போதும். அதே சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் சாயமெல்லாம் இழைக்குள் போய் நீர் ஏறக்குறையத் தெளிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அடுப்பை அணைத்து, தானாக ஆறும்வரை தொடாதீர்கள். குளிர்ந்த நீரில் அலசும் ஆசையில் என் முதல் சால்வையை நான் பாழாக்கியிருக்கிறேன்.

என் கேஷ்மியர் சால்வை திட்டுத் திட்டாக வந்துவிட்டது. ஏன்?

சரியாக ஊறியிருக்காது, அல்லது வினிகரைத் தொடக்கத்திலேயே ஊற்றியிருப்பீர்கள். கேஷ்மியர் இழை மிக மெல்லியது, சாயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதற்கு வினிகரை இரண்டு மூன்று தவணையாகக் கொடுங்கள். இப்போதைக்கு, இன்னும் அடர்ந்த நிறம் ஏற்றினால் திட்டுகள் ஓரளவு மறையும்.

மஞ்சள் ஸ்வெட்டரை நீலமாக்க முடியுமா?

பச்சைதான் கிடைக்கும். வெளுத்துவிட்டுச் செய்யலாம் என்று குளோரின் பிளீச்சைத் தொட்டுவிடாதீர்கள், கம்பளியே கரைந்துபோகும்.

சாயம் நன்றாக ஏறியது, தையல் மட்டும் வெள்ளையாக நிற்கிறது.

பாலியஸ்டர் நூலாக இருக்கும். அது இந்தச் சாயத்தை ஏற்காது. எனக்கு அது அழகாகவே படுகிறது.

மஞ்சள்தூளால் சாயமிடலாமா?

அழகாகப் பிடிக்கும்; வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

சமையல் பாத்திரத்தையே பயன்படுத்தலாமா?

கூடாது. பழைய எவர்சில்வர் அண்டா ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், கரண்டியையும் சேர்த்து.