அறிவியல் கேள்வி-பதில்: ஒற்றை அயனியும் துல்லியமான கடிகாரமும்

கேள்வி: 2012-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை செர்ஜ் ஹரோஷுடன் பகிர்ந்துகொண்ட டேவிட் வைன்லேண்டைச் சிலர் அணுக்கடிகார வல்லுநர் என்றும், சிலர் குவாண்டம் கணினிக்கு வித்திட்டவர் என்றும் எழுதுகிறார்கள். அவருடைய ஆய்வில் எது முதன்மையானது?
- இயற்பியல் முதுகலை மாணவி, நாகர்கோவில்

பதில்: இரண்டும் உண்மைதான். ஆயினும் கடிகாரமே வேர், கணினி அதிலிருந்து கிளைத்தது என்பதே என் கருத்து. அவருடைய ஆய்வுகளைக் கால வரிசையில் பார்ப்பவர்களுக்கு இது தெளிவாகவே தெரியும்.

ஹார்வர்டில் நார்மன் ராம்சேயிடம் பயின்று 1970-இல் முனைவர் பட்டம் பெற்ற வைன்லேண்ட், அடுத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் டெமெல்ட்டிடம் சேர்ந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வெற்றிடத்தில் பிடித்துவைக்கும் கலையைக் கற்றார். 1975-இல் கொலராடோவின் போல்டரிலுள்ள அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனத்தில் பணியேற்றார். காலத்தை அளக்கும் தரக் கடிகாரங்களைப் பராமரிப்பது அந்நிறுவனத்தின் கடமைகளுள் ஒன்று.

அணுக்கடிகாரத்துக்கு அடிப்படை, அணு ஒன்று ஒளியையோ நுண்ணலையையோ உட்கவரும் அதிர்வெண். அணு ஓடிக்கொண்டிருந்தால், நெருங்கிவரும் ரயிலின் ஊதல் உயர்ந்து ஒலிப்பதைப் போல, அந்த அதிர்வெண் டாப்ளர் விளைவால் பிறழ்ந்துவிடும். ஆகவே அணுவின் ஓட்டத்தை அடக்க வேண்டும். அதற்கு லேசரையே பயன்படுத்தலாம் என்று வைன்லேண்டும் டெமெல்ட்டும் 1975-இல் முன்மொழிந்தார்கள். லேசரின் அதிர்வெண்ணை, அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணு, இயல்பாக உட்கவரும் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வைத்தால், ஒளியை எதிர்கொண்டு வரும் அயனி மட்டுமே டாப்ளர் விளைவால் அதைத் தனக்குப் பொருத்தமான ஒளியாக உணர்ந்து உட்கவரும். ஒவ்வொரு ஒளித்துகளும் அதை எதிர்த்திசையில் சிறிதளவு தள்ளும். உட்கவர்ந்த ஒளியை அயனி எல்லாத் திசைகளிலும் உமிழ்ந்துவிடுவதால், இந்தத் தள்ளல்கள் சேர்ந்து அதன் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. வெயிலில் வைத்த பொருள் சூடேறுவதையே பார்த்துப் பழகிய நமக்கு, ஒளியே குளிர்விக்கிறது என்பது இன்றும் வியப்பூட்டுகிறது. 1978-இல் அவருடைய குழு மெக்னீசியம் அயனிகளை இம்முறையில் 40 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பேரியம் அயனிகளைக் கொண்டும் இது நிகழ்த்தப்பட்டது.

1989-இல் ஒற்றைப் பாதரச அயனியை, அதன் அசைவு குவாண்டம் விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த நிலைக்கு, 95 விழுக்காடு நேரம் அங்கேயே இருக்கும்படி, கொண்டுவந்தார்கள். இதுவும் கடிகாரத்துக்காகக் கற்ற பயிற்சியே. ஆனால் ஓர் அயனியின் உள்நிலையையும் அசைவையும் விரும்பியபடி அமைக்க முடிந்தவர்களுக்கு, சிராக், சோலர் என்னும் இயற்பியலாளர்கள் இருவரும் 1995-இல் அயனிகளைக் கொண்டு குவாண்டம் கணினி அமைக்கலாம் என்று எழுதியபோது, கருவிகள் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருந்தன. அவ்வாண்டிலேயே கிறிஸ்டோபர் மன்றோவும் வைன்லேண்டும் அடங்கிய குழு, ஒரே பெரிலியம் அயனியின் உள்நிலையை ஒரு குவாண்டம் பிட்டாகவும் (அக்கணினியின் தகவல் அலகு) அசைவை இன்னொன்றாகவும் கொண்டு, கணக்கீட்டின் அடிப்படைச் செயலான குவாண்டம் தருக்கவாயில் ஒன்றைச் செயல்படுத்திக் காட்டியது.

கேள்வி: ஒற்றை அயனியைக் கண்ணால் காண முடியுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பேரியம் போல, கண்ணுக்குப் புலப்படும் ஒளியைச் சிதறும் அயனியாக இருந்தால், ஒரு சிறு ஒளிப்புள்ளியாகக் காணலாம். வைன்லேண்டின் மெக்னீசியமும் பாதரசமும் புற ஊதா ஒளியில் மிளிர்பவை. அவற்றைக் காண உணர்கருவி வேண்டும்.

கேள்வி: ஈர்ப்பு விசை கடிகாரத்தை மெதுவாக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஆய்வகத்துக்குள்ளேயே அதைக் காட்ட முடிந்திருக்கிறதா?
- பள்ளி ஆசிரியர், திருச்சி

பதில்: முடிந்திருக்கிறது, அதைக் காட்டியதும் வைன்லேண்டின் குழுவே. அலுமினிய அயனியின் அதிர்வெண் புறக்குறுக்கீடுகளால் எளிதில் மாறாதது என்பதால் கடிகாரத்துக்கு மிக ஏற்றது. ஆனால் அதை நேரடியாகக் குளிர்விக்கவும் நிலையறியவும் 167 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் தேவை. அத்தகைய லேசரைச் செய்வது மிகக் கடினம். குவாண்டம் கணினிக்காக உருவான நுட்பம் இங்கே கடிகாரத்துக்குத் திரும்பி வந்து உதவியது. அலுமினிய அயனிக்குப் பக்கத்தில் பெரிலியம் அயனி ஒன்றைப் பிடித்துவைத்தார்கள். இரண்டும் மின்விசையால் பிணைந்து ஒன்றாக அசைவதால், அலுமினியத்தின் நிலையை அந்த அசைவின் வழியே பெரிலியத்துக்கு மாற்றி, அதன் மிளிர்வைக் கொண்டு படித்தார்கள். 2005-இல் வெளியான இம்முறைக்குக் குவாண்டம் தருக்க நிறமாலையியல் என்று பெயர்.

பின்னர் பெரிலியத்துக்குப் பதில் மெக்னீசியத்தைத் துணையாகக் கொண்டு 2010-இல் அமைத்த கடிகாரம், ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகளில் ஒரு நொடிகூடத் தவறாத துல்லியம் பெற்றிருந்தது. அதே ஆண்டில் இரண்டு அலுமினியக் கடிகாரங்களை ஒப்பிட்டு, அவற்றுள் ஒன்றை 33 சென்டிமீட்டர் உயர்த்தியபோது, அது மற்றதைவிட விரைவாக ஓடியதை அளந்தார்கள். உங்கள் வகுப்பறை மேசையின் உயரம் இதைவிட அதிகம்.