2012-இல் டெல்லி கொடுத்த கடிதத்தை நம்பி கார்பன் கிரெடிட் விற்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் நூற்பாலைக்கு இரண்டு காற்றாலைகள் இருக்கின்றன. 2012-இல் ஒரு ஆலோசகர் மூலம் சிடிஎம் என்ற ஐ.நா. கார்பன் கிரெடிட் திட்டத்தில் சேர்த்தோம், மத்திய அரசின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது. இப்போது சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று ஐந்து ஆண்டுகளுக்கு கிரெடிட் வாங்குவதாக ஒப்பந்த வரைவு அனுப்பியிருக்கிறது. ‘இந்திய அரசு அங்கீகரித்த கிரெடிட் தர வேண்டும், தவறினால் இழப்பீடு’ என்று அதில் ஒரு வரி. பழைய கடிதமே போதும் என்கிறார் ஆலோசகர். கையெழுத்துப் போடலாமா? அரசு மறுத்தால் வழக்குப் போட முடியுமா?

பதில்: அந்த வரி அப்படியே இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கடிதம் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு உடன்படிக்கைக்காகக் கொடுத்தது. கியோட்டோ காலநிலை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவில் வருவது சிடிஎம், அதாவது வளரும் நாட்டில் குறைத்த ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு கிரெடிட் கொடுத்து, அதை வளர்ந்த நாடுகளுக்கு விற்க விடும் ஏற்பாடு. அப்போது டெல்லியில் இருந்த தேசிய சிடிஎம் ஆணையம் முக்கியமாகப் பார்த்தது, நீங்கள் விருப்பப்பட்டுத்தான் சேருகிறீர்களா, திட்டம் நாட்டின் நீடித்த வளர்ச்சிக்கு உதவுமா என்பதைத்தான். கியோட்டோவில் இந்தியாவுக்கு உமிழ்வு இலக்கே கிடையாது. நீங்கள் ஒரு டன்னை ஐரோப்பாவுக்கு விற்றாலும் இந்தியாவின் கணக்கில் எதுவும் குறையாது, அதனால் ஒப்புதல் கொடுப்பதில் அரசுக்கு நஷ்டமில்லை.

பாரிஸ் உடன்படிக்கையில் நிலைமை வேறு. பொருளாதார உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் உமிழ்வை 2005 அளவிலிருந்து 2030-க்குள் 45% குறைப்பதாக இந்தியாவும் வாக்குக் கொடுத்திருக்கிறது. நிலத்தை விற்றால் பட்டா உங்கள் பெயரிலிருந்து வாங்கியவர் பெயருக்கு மாற வேண்டும் அல்லவா, அதுபோல அரசு அங்கீகரித்து வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு டன்னும் இந்தியாவின் கணக்கிலிருந்து கழிந்து அங்கே ஏற வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு. அப்படிக் கழிப்பதற்கு அரசு சம்மதம் சொல்வதுதான் ஆத்தரைசேஷன் லெட்டர். சிங்கப்பூர்க்காரர் கேட்பது அதை. 2012 கடிதத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை, பாரிஸ் உடன்படிக்கையே 2015-இல்தான் வந்தது.

அந்தக் கடிதத்தைக் கொடுக்க 2022 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் தனியாக ஒரு தேசிய ஆணையம் அமைத்தார்கள். எந்தெந்த வகைத் திட்டங்களின் கிரெடிட்டை வெளிநாட்டுக்கு விடலாம் என்று 2023 பிப்ரவரியில் 13 வகைகளைக் கொண்ட பட்டியலும் வந்தது. பசுமை ஹைட்ரஜன், கடலுக்குள் நிறுவும் காற்றாலை, அழுத்தப்பட்ட பயோகேஸ் எல்லாம் அதில் உண்டு. பேட்டரி போன்ற சேமிப்போடு வரும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் உண்டு, அதிலும் சேமித்த பகுதி மட்டும். தரையில் நிற்கும் சாதாரண காற்றாலை அதில் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றலாம் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள், அதனால் இன்றைய பட்டியலை ஒருமுறை பாருங்கள். என்னைக் கேட்டால் அரசு செய்வது சரி. சுலபமாகக் கிடைக்கும் குறைப்பை நாடு தன் இலக்குக்கு வைத்துக்கொண்டு, செலவு அதிகமாகும் தொழில்நுட்பத்துக்கு மட்டும் வெளிநாட்டுப் பணத்தைக் கேட்பதில் தவறில்லை. எனக்குக் கோபமெல்லாம், இது தெரிந்தும் பழைய கடிதத்தைக் காட்டி ஃபீஸ் வாங்குபவர்கள் மேல்தான்.

வழக்கு? அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு வாங்க முடியும். ஆனால் ‘அங்கீகாரம் கொடு’ என்றே உத்தரவிடுவது கொள்கை முடிவில் கைவைப்பதாகும், நீதிமன்றம் அதைச் செய்யும் என்று நம்பி ஐந்து வருட ஒப்பந்தத்தில் இறங்காதீர்கள். ‘முன்பு ஒப்புதல் தந்தீர்களே’ என்ற வாதமும் நிற்காது, இந்த உறுதியை அரசு உங்களுக்கு எப்போதும் தரவில்லை.

ஆக, டெல்லி மட்டுமே தரக்கூடிய ஒன்றுக்கு நீங்கள் ஜாமீன் நிற்பதுதான் இந்த வரைவில் உள்ள ஆபத்து. அங்கீகாரம் கிடைத்தால் மட்டுமே ஒப்படைக்கும் கடமை தொடங்கும் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 32-ஆவது பிரிவில் இப்படி நிபந்தனையோடு போடும் ஒப்பந்தத்துக்கு இடம் இருக்கிறது, அந்த நிகழ்வு நடக்காதவரை எதிர்த்தரப்பு உங்களை இழுக்க முடியாது. இதற்கு வரைவில் இந்தியச் சட்டமே பொருந்தும் என்றும் இருக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டம், சிங்கப்பூரில் நடுவர் மன்றம் என்று போட்டுவிட்டால் இழப்பீட்டுக்கு வரம்பு வைக்கும் நம் 74-ஆவது பிரிவு அங்கே உதவாது. அங்கே வரும் தீர்ப்பை இங்கே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உங்கள் ஆலைச் சொத்தின் மேல் நிறைவேற்றலாம், அதைத் தடுக்க 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 48-ஆவது பிரிவில் உள்ள காரணங்கள் மிகக் குறைவு. முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தருவதோடு உங்கள் பொறுப்பு முடியும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், விற்க உங்களிடம் கிரெடிட் இருக்கிறதா என்பதே முதலில் தெரிய வேண்டும். சிடிஎம்மில் ஒன்று பத்து வருடம் ஒரே முறை, இல்லையென்றால் ஏழு ஏழாக மூன்று முறை. பத்து வருடம் என்றால் உங்களுடையது 2022 வாக்கிலேயே முடிந்திருக்கும். ஏழு வருடக் கணக்கு என்றாலும், பாரிஸ் முறைக்கு மாற 2023 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஐ.நா.வுக்கு வெளியே கிரெடிட்டைப் பதிவுசெய்து வழங்கும் தனியார் பதிவேடு என்று ஆலோசகர் சொன்னால் எந்தப் பதிவேடு, பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அப்படி ஒன்றான வெரா பதிவேட்டில் 2020-க்குப் பிறகு இந்தியா போன்ற நாடுகளில் கிரிட்டோடு (பொது மின்கட்டமைப்போடு) இணைந்த காற்றாலைகளைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. அதே மின் யூனிட்டுக்கு ஆர்இசி (புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்) வாங்கியிருந்தால் அங்கே மறுபடி கிரெடிட்டாக விற்கவும் முடியாது.

மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்கும் ஒப்பந்தம் இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் காற்றாலை உத்தரவுகளில் சிடிஎம் வருமானம் முதல் ஆண்டு முழுக்க உங்களுக்கு, பிறகு ஆண்டுக்கு 10% குறைந்து ஆறாவது ஆண்டிலிருந்து வாரியத்தோடு பாதிப் பாதி என்று பங்கு வைத்திருக்கிறார்கள். பழைய வருமானத்தில் அந்தப் பங்கு பாக்கியிருந்தால் இப்போது சரிசெய்துகொள்ளுங்கள். வரிக்கு, ஐ.நா. அமைப்பு சரிபார்த்த கிரெடிட் என்றால் செலவு எதையும் கழிக்காமல் 10% என்று 2017 நிதிச் சட்டம் வைத்தது. தனியார் பதிவேட்டுக் கிரெடிட் அந்த வரையறைக்குள் வராது, அதை விலை பேசுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.