மேடு ஏறினால் மட்டும் கொதிக்கும் வண்டி

கேள்வி: எங்களுடையது 7 பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி, வாங்கி 12 வருடம் ஆகிறது. டர்பனுக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒரு தொந்தரவும் இல்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினால்தான் வினை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற ஏற சூட்டு முள் சிவப்புப் பக்கம் போகிறது, ஹில்டன் தாண்டி ஹோவிக் பக்கம் இறங்கியதும் நடுவுக்கு வந்துவிடுகிறது, வான் ரீனன் கணவாயில் மறுபடி அதே கதை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை, 82 முதல் 88 டிகிரி வாக்கில் திறக்கும். அதை எடுத்துவிட்டால் ஊருக்குள் என்ஜின் சூடே ஏறாமல் பெட்ரோல் குடிக்கும், சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே சரியாகப் போகாமல் குறுக்கு வழியில் என்ஜினுக்கே திரும்பிவிடுவதால் சூடு கூடவும் செய்யும். சந்தேகமாக இருந்தால் நூலில் கட்டி, அடுப்பில் தண்ணீர்ச் சட்டிக்குள் தொங்கவிடுங்கள். கொதி வருவதற்குள் முழுதாகத் திறந்தால் நல்ல தெர்மோஸ்டாட், திரும்ப மாட்டுங்கள்.

உங்கள் வண்டி எங்கே சூடாகிறது என்பதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. ஊருக்குள் நெரிசலில் நின்றாலும் முள் அசையவில்லை என்றால் ஃபேன் ஓடுகிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆள், பெட்டி, ஏசி எல்லாம் சேர்த்து மேடேறும்போது என்ஜின் கக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை. ஒன்று, வெளியே காற்று போகவில்லை, இல்லையென்றால் உள்ளே தண்ணீர் போகவில்லை.

காற்றை முதலில் பாருங்கள், செலவில்லை. முன்னால் இருந்து பார்த்தால் தெரிவது ஏசியின் கண்டன்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். புல் பஞ்சு, பூச்சி, கரும்புக்காடு எரிக்கும்போது பறந்து வரும் கரி எல்லாம் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும், முன்பக்கம் மட்டும் கழுவுகிறவர் கண்ணில் அது படவே படாது. என்ஜின் ஆறிய பிறகு, என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்து ஹோஸால் மெதுவாக அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். தொட்டால் தகடே பொடிப்பொடியாக உதிர்கிறதா? கடற்காற்று தின்றுவிட்டது. கழுவிப் பிரயோஜனம் இல்லை, ரேடியேட்டர்தான் மாற்ற வேண்டும்.

வெளியே சுத்தமாக இருந்தால் உள்ளே அடைப்பு. இத்தனை வருடமும் கூலண்ட் இல்லாமல் குழாய்த் தண்ணீரே ஊற்றி வந்திருந்தால் சுண்ணாம்பும் துருவும் கட்டியிருக்கும். நன்றாக ஓட்டி வந்து நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்துக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், நடுவில் ஓரிடம் மட்டும் சூடே இல்லை என்றால் அங்கேதான் அடைப்பு. ஒருவரை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கச் சொல்லிக் கீழ் ஹோஸையும் பாருங்கள், உள்வாங்கி ஒட்டிக்கொண்டால் அதை மாற்றுங்கள்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. சின்னச் சாமான் என்று யாரும் மதிப்பதில்லை. பல வண்டிகளில் 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்துத் தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்க விடாமல் காப்பது அதுதான். லெனேசியா உயரத்தில் அழுத்தம் இல்லாத தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதாவது டர்பனில் ஏமாற்றிக்கொண்டிருக்கும் ஓட்டை மூடி மேலே போனதும் குட்டு உடைந்துவிடும். அதே அழுத்த எண் போட்ட புது மூடி வாங்கிப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் மேல் பாகத்துக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவில் வாயுவும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் இறுகுகிறதா, ஒழுகல் இல்லாமலே தண்ணீர் குறைகிறதா? அப்படியானால் அடுத்த பயணத்துக்கு முன் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் பால் மாதிரி கொஞ்சம் படிந்திருப்பதை மட்டும் வைத்து யாராவது என்ஜினைப் பிரிக்கச் சொன்னால் விட்டுவிடாதீர்கள், கிட்டத்துக் கடைக்கே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அப்படி வரும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், வேர்க்கும், பரவாயில்லை. முள் சிவப்பில் இருக்க ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், ஓரம் கட்டி உடனே அணையுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் காருக்கு ஹைவேயில் பிரச்சினை இல்லை. ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது வரிசையில் நின்றால்தான் சூடாகிறது. இதுவும் ரேடியேட்டர் அடைப்பா?
– டொங்காட் வாசகி

பதில்: இல்லை அம்மா, உங்களுடையது நேர் எதிர். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்டை விடும் சின்ன ஸ்விட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். விரலை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், என்ஜின் அணைந்த பிறகும் சில கார்களில் அது தானாகச் சுற்றும்.