60ஆவது எபிசோடும் ஒரு தூங்காத இரவும்: வாசகர் கேள்வி பதில்

'பிரேக்கிங் பேட்' தொடரின் 'ஓசிமாண்டியாஸ்' எபிசோடைப் பார்த்துவிட்டு மனசு தாங்காமல் எழுதியவர்கள் நிறைய பேர். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊரில், புற்றுநோய் வந்த வேதியியல் வாத்தியார் வால்ட்டர் ஒயிட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கிறேன் என்று போதைப்பொருள் காய்ச்ச இறங்குகிறார். அவருடைய சகலை ஹாங்க், போதைப்பொருள் தடுப்பு அதிகாரி. 2008இல் தொடங்கி 2013இல் முடிந்த தொடர், மொத்தம் 62 எபிசோட். இது 60ஆவது, 2013 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பானது. இனி வருவதில் கதை முழுக்க வெளியே வந்துவிடும், பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

கேள்வி: ஹாங்க் செத்ததைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தவள், விடியும்வரை தூங்கவில்லை. "நடிப்புதானே, அந்த ஆள் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பார்" என்கிறார் கணவர். நான் செய்வது பைத்தியக்காரத்தனமா?

பதில்: இல்லவே இல்லை. கணவர் சொல்வது நடிகர் டீன் நோரிஸைப் பற்றி. நீங்கள் அழுதது ஹாங்க்குக்காக. முதல் எபிசோடில் சத்தமாக ஜோக் அடித்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சல்கூட மூட்டிய அந்த ஆளை, குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்து மனைவி மேரி மேல் எரிந்து விழுந்த அந்த ஆளை, தடி ஊன்றி மறுபடி நடக்கப் பழகிய அந்த ஆளை, 59 எபிசோட் கூடவே இருந்து பார்த்திருக்கிறீர்கள். சொந்தக்காரர்களில் எத்தனை பேரை அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து பார்த்திருப்போம் சொல்லுங்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956லேயே இதைப் பற்றி எழுதினார்கள்: வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நமக்கு ஒருதலையான ஓர் உறவு உண்டாகிறது, நமக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு நம்மைத் தெரியாது, ஆனாலும் பழகிய மாதிரியே இருக்கும். அப்படிப் பழகியவர் போனால் வலிக்கத்தான் செய்யும்.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சீனை நினைத்துப் பாருங்கள். சகலையைக் காப்பாற்ற, மண்ணுக்குள் புதைத்த 8 கோடி டாலரையும் தருகிறேன் என்று வால்ட்டர் கெஞ்சுகிறான். ஹாங்க் கெஞ்சவே இல்லை. எனக்குத் தெரிந்தவர்களிலேயே பெரிய புத்திசாலி நீதான், இவன் பத்து நிமிஷத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டான் என்பது உனக்குப் புரியவில்லையா என்று வால்ட்டரிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கியோடு நிற்கும் கும்பல் தலைவன் ஜாக் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார், அந்த வாக்கியம் முடிவதற்குள் ஜாக் சுட்டுவிடுகிறான். பேச்சு பாதியில் நிற்கிறது. நம் மனசு அதை முடித்து வைக்கப் பார்க்கிறது, முடியவில்லை, அதனால்தான் படுத்தால் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகிறது. கணவரிடம் விளக்கம் எல்லாம் சொல்ல வேண்டாம், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எனக்குக் குழப்பமே வேறு. நான் அழுதது வால்ட்டருக்காக. அவன் கொலைகாரன், எத்தனையோ பேர் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று தெரியும். மணலில் கன்னம் பதிய விழுந்து, வாய் திறந்து, சத்தம் வராமல் கிடந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கெட்டவனுக்காக அழலாமா?

பதில்: இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஏனென்றால் எனக்கும் இதே இடத்தில்தான் உடைந்தது.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி, மனசுக்குள் நடப்பது உடம்பில் எப்படித் தெரியும் என்பதைப் பற்றியது. அழுகை எதனால் வரும் என்று அதில் நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: "இளிவே இழவே அசைவே வறுமை". இளிவு என்றால் இழிவுபடுவது, இழவு என்றால் இழப்பது, அசைவு என்றால் முன்பு இருந்த நிலை கெட்டு வேறாகிப்போவது. வறுமை நமக்குத் தெரிந்த சொல்தான், ஆனால் பழைய உரையில் அதற்குக் காசில்லாமை என்று பொருள் சொல்லவில்லை, துய்க்க முடியாமல் பற்று மட்டும் மிஞ்சிய மனசு என்று சொல்கிறது. இந்த வரியை நினைத்துக்கொண்டு எபிசோடை இன்னொரு முறை பார்த்தேன். ஏழு பீப்பாய்ப் பணத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கும்பல் அள்ளிக்கொண்டு போகிறது. காரில் பெட்ரோல் தீர்ந்துபோக, அந்த ஒற்றைப் பீப்பாயை வால்ட்டர் பாலைவனத்தில் தன்னந்தனியாக உருட்டிக்கொண்டு போகிறானே, அதுதான் அந்த வறுமை. ஒரு பீப்பாய் நிறையப் பணம் இருக்கிறது, யாருக்காகச் சேர்த்ததாகச் சொன்னானோ அவர்கள் யாரும் இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அவன் உருட்டிப் போகும் வழியில் ஒரு பேண்ட் கிடக்கும், கவனித்தீர்களா? முதல் எபிசோடில் காற்றில் பறந்துபோன அவனுடைய பேண்ட் அது. ஐந்து சீசனாக அங்கேயே கிடந்திருக்கிறது.

அந்த அழுகை பிறரிடம் கண்டும் தோன்றும் என்று உரைக்காரர்கள் சொல்கிறார்கள். பிறர் என்றுதான் சொன்னார்கள், நல்லவர் என்று சொல்லவில்லை. அதனால் நீங்கள் அழுததில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் குழப்பத்துக்கு வேறு ஒரு மூலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நாமும்தானே ஐந்து சீசன் வேண்டிக்கொண்டிருந்தோம்? வால்ட்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் செத்தபோது வால்ட்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அது இரண்டாவது சீசனில், 2009இல். அந்த ரகசியம் ஜெஸ்ஸிக்குத் தெரியாது, வால்ட்டருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். இந்த எபிசோடில் அதை வால்ட்டரே ஜெஸ்ஸியின் முகத்துக்கு நேராக, ஜெஸ்ஸி அடுத்து சாகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சொல்கிறான். ஜெஸ்ஸி முகம் போன போக்கைப் பார்த்தபோது எனக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை, கூசியது. அவ்வளவு நாள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே அந்த ஆள் பக்கம் நின்றிருக்கிறேனே என்று. உங்கள் நெஞ்சை அடைத்ததில் அதுவும் கொஞ்சம் இருக்கும்.

கேள்வி: வால்ட்டரின் கைக்குழந்தை ஹாலி "மம்மா" என்று அம்மாவைத் தேடும் இடத்தில் நான் டிவியையே அணைத்துவிட்டேன். அவ்வளவு சின்னக் குழந்தையை எப்படி நடிக்க வைத்தார்கள்?

பதில்: நடிக்க வைக்கவில்லை. அது எழுதிய வசனமே கிடையாது. கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் அம்மாவைப் பார்த்துக் குழந்தை தானாகச் சொன்னது, பிரையன் கிரான்ஸ்டன் நிறுத்தாமல் அப்படியே அதற்கு முகம் கொடுத்து நடித்துவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன், இதை அம்மாவிடமிருந்து பிரிக்க முடியாது என்று உணர்வது அந்த முகத்தில்தான் தெரிகிறது. டிவியை மறுபடி போடுங்கள், குழந்தை பத்திரமாக ஒரு தீயணைப்பு நிலையத்தில், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அந்த ஃபோன் பேச்சைப் பற்றி எனக்கும் என் நண்பனுக்கும் பெரிய சண்டை. போலீஸ் ஒட்டுக் கேட்கிறது என்று தெரிந்து, மனைவியைக் காப்பாற்றத்தான் வால்ட்டர் அப்படித் திட்டினான் என்கிறேன் நான். அவன் உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது என்கிறான் நண்பன்.

பதில்: இரண்டு பேரும் சரி, அதனால்தான் அந்தக் காட்சி அப்படி அறுக்கிறது. ஸ்கைலருக்கு எதுவும் தெரியாது, எல்லாம் நான் ஒருவனே செய்தது என்று போலீஸ் காதில் விழவேண்டும், அதற்காகத் திட்டுகிறான். திட்டும்போது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் ஸ்கைலருக்கும் விளங்கிவிடுகிறது, அவள் முகம் மாறுவதைப் பாருங்கள். ஆனால் அந்த வசவுகள் எங்கிருந்து வந்தன? நன்றி கெட்டவள், நான் சொன்னதை என்றைக்குக் கேட்டாய் என்கிற பேச்செல்லாம் யோசிக்காமலே அவன் வாயில் வந்து விழுகிறதே. நடிக்க வந்தவனுக்கு வசனம் தயாராகவே இருந்திருக்கிறது.

இதில் எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. ஸ்கைலரைப் பற்றி இதே வசவுகளைப் பார்வையாளர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புருஷனைத் தடுத்தாள் என்பதற்காக அவளை வெறுத்தார்கள், அந்த வெறுப்பு நடித்த ஆனா கன் மேலேயே திரும்பியது. அவர் 2013 ஆகஸ்டில், இந்த எபிசோட் வருவதற்குச் சில வாரம் முன்னால், நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அதன் பிறகு அந்த ஃபோன் பேச்சைக் கேட்டால் எப்படி இருக்கும்? நாம் பேசியது நம் காதிலேயே வந்து விழுகிற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் ஆனா கன்னுக்கும் எம்மி விருது கிடைத்தது, இந்த எபிசோடை எழுதிய மொய்ரா வாலி-பெக்கட்டுக்கும் எழுத்துக்கான எம்மி கிடைத்தது. மனசுக்கு ஆறுதலாக இருந்த ஒரு செய்தி அது.

சண்டையை நிறுத்திவிட்டு, நீங்களும் நண்பரும் சேர்ந்து முதல் காட்சியை ஒரு முறை பாருங்கள். பழைய நாள். பாலைவனத்தில் நின்று, வீட்டுக்கு என்ன பொய் சொல்வது என்று வால்ட்டர் ஒத்திகை பார்த்துவிட்டு ஃபோன் செய்கிறான். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஹாலி என்று பெயர் வைக்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஸ்கைலர் ஃபோன் எடுக்கும் இடத்தில் பக்கத்திலேயே கத்திகள் செருகிய கட்டை இருக்கும். அதே எபிசோடின் பின்பாதியில் அதே இடத்தில் நின்று, ஃபோனை எடுப்பதா கத்தியை எடுப்பதா என்று அவள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, கத்தியை எடுக்கிறாள். இயக்குநர் ரியன் ஜான்சன் அதை நம் கண்முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

கேள்வி: எல்லாரும் அழுதேன் அழுதேன் என்கிறார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எனக்குள் ஏதாவது கோளாறா?

பதில்: ஒன்றும் இல்லை. சிலருக்குக் கண்ணீர், சிலருக்கு வயிற்றைப் பிசையும், சிலர் பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவார்கள். அழாதவர்களும் எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும்.

கேள்வி: ஐந்து சீசனையும் லீவில் தொடர்ந்து பார்த்தேன். இந்த எபிசோடுக்குப் பிறகு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஒரே மூச்சில் பார்த்தது தப்பா?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சம் பாரம் கூடியிருக்கும். 2013இல் பார்த்தவர்களுக்கு முந்தைய எபிசோட் துப்பாக்கிச் சண்டை நடுவிலேயே முடிந்தது, ஒரு வாரம் முழுக்க ஹாங்க் பிழைப்பாரா என்று பேசிப் பேசியே கழித்தார்கள். பயப்பட ஒரு வாரம், அப்புறம் துக்கப்பட ஒரு வாரம் கிடைத்தது. உங்களுக்கு அந்த இடைவெளியே இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் இறங்கியிருக்கிறது. பார்த்த இன்னொருவரோடு பேசுங்கள். கதையைப் பற்றிக்கூட வேண்டாம், அந்தப் பேண்ட்டைப் பார்த்தாயா, அந்தக் கத்திக் கட்டையைப் பார்த்தாயா என்று ஆரம்பித்தால் தானாக வரும். பல நாள் ஆகியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் சரியாகவில்லை என்றால் அது இந்த எபிசோட் மட்டும் கிளப்பியதாக இருக்காது, உங்கள் வாழ்க்கையில் வேறு ஏதோ இழப்பை அது தொட்டிருக்கலாம், அப்போது ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். தயங்க வேண்டாம்.

கேள்வி: இன்னும் இரண்டு எபிசோட் பாக்கி. பார்க்கத் தைரியம் இல்லை. இதோடு நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், ஆனால் இன்றைக்கே போடவும் வேண்டாம். 'ஓசிமாண்டியாஸ்' என்ற தலைப்பு ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1818இல் வெளியிட்ட ஒரு கவிதையிலிருந்து வந்தது, பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு பேரரசன் சிலையைப் பற்றியது. வால்ட்டரின் ராஜ்யம் இந்த எபிசோடோடு உடைந்துவிட்டது, பாக்கி இரண்டும் அதற்குப் பிந்திய நாட்கள், வேகம் வேறு, வலியும் வேறு. நான் நாலு நாள் விட்டுத்தான் பார்த்தேன். முதல் எபிசோடில் அந்த மூன்று பேரும், ஹாங்க்கும் வால்ட்டரும் ஸ்கைலரும், வால்ட்டரின் பிறந்தநாளுக்கு ஒரே வீட்டில் கூடியிருக்கும் காட்சி இருக்கிறது. ஹாங்க் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார். 61ஐப் போடுவதற்கு முன்னால் அதை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனேன்.