தெருவிலிருந்து வேலைக்கு: கேள்வி பதில்

மீனாட்சி: தெருவில் படுத்துறங்கும் நாலைந்து பேருக்கு வேலை கொடுக்க எங்கள் வழிபாட்டுக் குழு நினைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது ஐயா?

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள் அம்மா. பை களவு போகுமோ, யாராவது எட்டி உதைப்பார்களோ என்று இரவெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடப்பவரால் காலையில் சுத்தியலைக் குறிபார்த்து அடிக்க முடியாது. படுக்க இடம், பூட்டி வைக்க ஒரு பெட்டி, குளிக்கத் தண்ணீர், காய்ந்த காலுறை இரண்டு ஜோடி. கால்களைப் பாருங்கள், நாள்கணக்கில் ஈரத்திலேயே இருந்த பாதம் வெளிறி, மரத்து, தோல் உரியும். அந்தக் காலோடு நின்று வேலை செய்வது சித்திரவதை.

அடுத்தது அடையாள ஆவணங்கள். முகவரி இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு கிடைப்பது பெரும்பாடு. குழுவின் முகவரியைக் கடிதங்களுக்குக் கொடுங்கள். ஆவணங்களின் ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

பிறகு வேலை. வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். அதே நேரம், அதே மேற்பார்வையாளர். இரண்டு மூன்று வாரம் போனபின் நேரத்தைக் கூட்டுங்கள். முதல் நாளே எட்டு மணி நேரம் கொடுத்தால் மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார்; வராத வெட்கத்தில் நான்காம் நாளும் வரமாட்டார். குழுவோ "இவர்கள் திருந்தமாட்டார்கள்" என்று முடிவுகட்டிவிடும். வராத அன்றே ஒருவர் தேடிப் போக வேண்டும்.

அருள்: மெழுகுவத்தி செய்வது, காகிதப் பை ஒட்டுவது போதுமா?

வெளியே ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறாரா என்று பாருங்கள். விற்காமல் மூலையில் அடுக்கப்படும் பையை ஒட்டுகிறவருக்கு, தன்னைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டே நாளில் புரிந்துவிடும்.

1949-இல் பாரிஸ் அருகே அபே பியர் என்ற பாதிரியார் எம்மாவுஸ் சமூகத்தைத் தொடங்கினார். முதலில் வந்து சேர்ந்தவர், சிறையிலிருந்து வெளியே வந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர். பாதிரியார் அவரிடம், வீடில்லாத பிறருக்கு வீடு கட்டத் தனக்கு உதவும்படி கேட்டார். பழைய பொருள்களைச் சேகரித்து, பழுதுபார்த்து, விற்று வாழும் அந்த முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது.

பழுதுபார்ப்பதற்குக் கால் ஆடும் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலும் சட்டமும் சேரும் இணைப்பைக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். புதுப் பசை மரத்துக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். பழைய பசைமேல் தடவினால் ஒரு மாதத்தில் மறுபடி ஆடும். ஒட்டி, இறுக்கிக் கட்டி, மறுநாள்வரை யாரும் உட்காரக் கூடாது. மறுநாள் ஒட்டியவரே முதலில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஜான்சன்: பிரார்த்தனைக்கு வந்தால்தான் படுக்கை என்று விதி வைக்கலாமா?

கூடாது. படுக்கைக்காக உதடு மட்டும் அசையும்.

ஜான்சன்: விசுவாசம்தானே ஐயா மனிதனை மாற்றுகிறது? அதை ஒளித்துவைக்கச் சொல்கிறீர்களா?

ஒளிக்க வேண்டாம் தம்பி. மணி அடியுங்கள், பாடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். வர விரும்புகிறவர் வருவார். வராதவருக்கும் அதே போர்வை. நியூயார்க்கில் 1992-இல் தொடங்கிய 'வீடு முதலில்' முறையில், குடியை விடு, சிகிச்சைக்கு வா என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் வீடு கொடுத்தார்கள். பெரும்பாலோர் அந்த வீட்டிலேயே நிலைத்தார்கள்.

ரஹ்மத்: நம்பிக்கைக்கு அப்போது என்ன வேலை?

நிறைய இருக்கிறது. யாசகம் கேட்டு வந்தவரின் துணியையும் கிண்ணத்தையும் நபிகள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலத்தில் விற்று, ஒன்றில் வீட்டுக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொல்லி, அதற்குத் தம் கையாலேயே காம்பு மாட்டிக் கொடுத்த செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினைந்து நாளில் அவர் விறகு விற்றுப் பத்துத் திர்ஹத்தோடு வந்தார். யூத அறிஞர் மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவர் இனிக் கையேந்தாதபடி வேலையோ கடனோ தொழிலில் கூட்டோ கொடுப்பதை மேல்படியில் வைத்தார். கொடுப்பவருக்கு மதம் இட்ட கடமை இது. வாங்குபவர் தலையில் ஏற்றும் நிபந்தனையாக அதை மாற்றாதீர்கள்.

சுதா: "இன்றே குடியை நிறுத்து, நாளை வேலை" என்று சொல்லலாமா?

சொல்லவே சொல்லாதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வந்து உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். குடித்திருக்கும்போது கருவியைத் தொடக் கூடாது என்ற விதி போதும்.

கதிர்: கூலி எப்படிக் கொடுப்பது?

காசாக. முதல் மாதம் அன்றன்றைக்கே, பிறகு வாரக் கூலி. மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடன்காரரும் பழைய கூட்டாளிகளும் அன்றே வந்து நிற்பார்கள்.

லதா: காசுக்குப் பதில் துணிமணி தரலாமா?

கதிருக்குச் சொன்னதுதான். காசு.

பாபு: கையில் காசு கொடுத்தால் வீணாக்கிவிடமாட்டார்களா?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். உழைத்த கூலி அவருடையது.

முருகன்: சோம்பேறிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று முதலில் கேளுங்கள்.

நிர்மலா: ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார்.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இங்கே பதில் கிடையாது.

தாமஸ்: அறை பிடித்துக் கொடுத்தோம். கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறார், நள்ளிரவில் எழுந்து பழைய இடத்துக்கே போகிறார். நன்றி இல்லையா?

அப்படி நினைக்காதீர்கள். வருடக்கணக்கில் பத்துப் பேர் நடுவே படுத்தவருக்கு நான்கு சுவரின் அமைதி பயம் தரும். தரையில் படுக்கட்டும். அறை மாறிய மாதத்தில் வேலையை மாற்றாதீர்கள். தெரிந்த முகங்கள் இப்போது வேலை இடத்தில் மட்டும்தான். மாலைப் பொழுதுதான் அவருக்குக் கடினம். உங்கள் ஜெபக் குழுவில் ஏழு பேர் இருந்தால் நாளுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, இருட்டியதும் போய்க் கதவைத் தட்டி, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.