ஏஜென்ட் காட்டும் கீழாநெல்லி ரிப்போர்ட்

கேள்வி: ரத்ததான முகாமில் என் கணவருக்கு ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) இருப்பது தெரிந்தது. உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மூலிகை ஏஜென்ட் ஒருவர் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, கீழாநெல்லிப் பொடி விஞ்ஞானப்படி நிரூபணமானது என்கிறார். மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய். வாங்கலாமா? நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.
- வாசகி, அரூர்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி ஒருமுறை படியுங்கள். ஈயம், பாதரசம், கிருமி, ஈரப்பதம் எவ்வளவு என்றுதான் இருக்கும். பொடி கெட்டுப்போகவில்லை என்பதற்கான தாள் அது. நோய் தீரும் என்று ஒரு வரிகூட இருக்காது. மூலிகை ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், இப்படி ரிப்போர்ட் வாங்கிப் போனவர்கள் அதை லேமினேட் செய்து கடையில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் சோதித்தது அவர்கள் கொண்டுவந்த ஒரு கைப்பிடி. மூட்டையில் என்ன இருந்ததோ!

லைசென்ஸ் நம்பரைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். பழைய நூலில் உள்ளபடி செய்த மருந்துக்கு, நோயாளிகளிடம் சோதித்தாயா என்று யாரும் கேட்பதில்லை.

'நிரூபணம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1988-ல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்கெடுத்தார். 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. நாடே கொண்டாடியது. பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. ஏஜென்ட்டுகள் முதல் பாதியோடு கதையை நிறுத்திவிடுவார்கள்.

அதற்குப் பிறகாவது பெரிய அளவில் சோதித்து முடிவு கட்டியிருக்க வேண்டாமா? தோட்டத்தில் களையாக முளைக்கும் செடிக்கு யார் பணம் போடுவார்கள்! ஆராய்ச்சி என்று பெரும்பாலும் நடப்பது இதுதான்: எலிக்கு அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் கொடுத்து ஈரலைக் கெடுப்பது, கீழாநெல்லி கொடுத்துத் தேற்றுவது, பட்டம் வாங்குவது. எலி பிழைத்தால் ஹெபடைடிஸ் பி தீர்ந்ததாகுமா?

செடியும் ஒன்றல்ல. தென்னிந்தியாவில் 25 கடைச் சரக்கை மரபணு வைத்துப் பார்த்ததில், கிட்டத்தட்ட நாலில் ஒரு கடையில் கீழாநெல்லியின் பங்காளி இனங்கள் இருந்தன. மலையில் பறிப்பவருக்குச் செடி தெரியும். கைமாறிக் கைமாறி வந்த பொடியில் யார் இலையைப் பார்ப்பது?

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏமாறுவது இங்கேதான். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலையும் பெரும்பாலும் சில வாரத்தில் தானே போகும். அரைத்து மோரில் குடித்தாலும் போகும், குடிக்காவிட்டாலும் போகும். பேர் மட்டும் செடிக்கு. உங்கள் கணவருக்கு எப்போது தொற்றியது என்று தெரியாது. புதிதாக இருந்தால், மூன்று மாதப் பொடி முடியும்போது தானே மறையலாம். ஏஜென்ட் ஊரெல்லாம் உங்கள் வீட்டைக் கைகாட்டுவார். ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால்தான் நாள்பட்டது.

கணவரைத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈரல் பரிசோதனையும் வைரஸ் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் சொல்வார், எல்லோருக்கும் வேண்டியதில்லை. இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் அலைய விடுவார்கள். சலித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். அந்தச் சலிப்பில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார்.

கணவரைவிட, வயிற்றில் குழந்தையோடு இருக்கும் உங்களுக்குத்தான் அவசரம். இந்த வாரமே நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், கர்ப்பத்திலும் போடலாம். பாசிட்டிவ் என்றால் அந்தச் சீட்டைப் பிரசவப் பையிலேயே வையுங்கள்: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் புரதம்) ஊசியும் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, நாளைக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், வீட்டுக்காரரை வார்டு வாசலில் நின்று கேட்கச் சொல்லுங்கள்.