கொல்லைப்புறத்துக்கு வந்த புதுக் குருவி: தென் கலிபோர்னியாவிலிருந்து சில கேள்விகள்

இர்வைனிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டுத் தீனித்தட்டுக்கு ஏழெட்டுக் குருவிகள் ஒன்றாக வருகின்றன. முகம் சாக்லேட் நிறம், வயிற்றில் மீன் செதில் மாதிரிக் கோடு. என்னிடம் உள்ள அமெரிக்கப் பறவைக் கையேட்டில் இல்லை. கைபேசிப் படம் அனுப்பியிருக்கிறேன். என்ன பறவை?

அது புள்ளிச் சில்லை. நம் ஊர் வயலோரங்களில் கூட்டமாகப் புல்விதை கொறிக்குமே, அதேதான். கூண்டில் வளர்க்க இங்கே கொண்டுவந்தவை தப்பிப் பெருகிவிட்டன. தென் கலிபோர்னியாவில் 1980களிலிருந்து வெளியில் காணப்படுகின்றன. இன்று லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்ச், சான் டியேகோ பக்கமெல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஹவாய்த் தீவுகளுக்கு 1860களிலேயே போய்விட்டன.

உங்கள் படத்தில் முதுகு மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் செதிலைச் சொல்லியிருக்காவிட்டால் நான் உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். தெரியாத பறவை என்றால் அழகான படம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பக்கவாட்டில் ஒன்று, வயிறு தெரிய ஒன்று, அலகு தெளிவாக ஒன்று, வால் தெரிய ஒன்று. இந்த நாலும் கிடைத்தால், மங்கலாக இருந்தாலும், பெயர் சொல்லிவிடலாம்.

சான் டியேகோ வாசகர்: 300 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தாலே எல்லாம் பறந்துவிடுகின்றன. செதில்களும் படத்தில் வெள்ளையாகக் கரைந்துபோகின்றன.

சில்லைக்குத் தனியாக இருக்கத் தெரியாது. ஒன்று எழும்பினால் மொத்தமும் எழும்பும். அதனால் அவை வருவதற்கு முன்பே நீங்கள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி, ஒரு தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். இருபது நிமிடம் அசையாதீர்கள். முதலில் ஒன்று வேலிமேல் வந்து பார்க்கும். அது இறங்கினால் மற்றவையும் இறங்கும். அப்போதும் உடனே கேமராவைத் தூக்காதீர்கள், அவை கொறிக்கத் தொடங்கட்டும்.

தீனித்தட்டில் எடுத்த படம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தோட்டத்தில் ஒரு மூலையைப் புல் வெட்டாமல் விட்டுப் பாருங்கள். கதிர் முற்றியதும் தானாக வந்துவிடும். எடை பதினைந்து கிராம்கூடத் தேறாத குருவி, ஆனாலும் அது ஏறியதும் புல் தண்டு மெல்ல வளைந்து தரையைத் தொடும். அது விடாமல் தண்டைப் பிடித்தபடி கதிரை அலகால் உருவும். அலகு ஓரத்தில் உமி ஒட்டியிருக்கும். அந்த உமி தெரியும்படி எடுத்த படம்தான் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது.

ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறைய வேண்டாம், தலையை அவ்வளவு வேகமாகத் திருப்பும். போகஸ் கண்ணில் இருக்கட்டும். செதில் கரைவதற்குக் காரணம் இதுதான்: அடர்ந்த பழுப்பு முகத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளை வயிறு. கேமரா முகத்தைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (கேமராவில் -0.7) குறையுங்கள். ஒவ்வொரு வெள்ளைச் சிறகுக்கும் கரும்பழுப்பு ஓரம் இருப்பது அப்போது ஒவ்வொன்றாகத் தெரியும்.

வீட்டுக்குள்ளிருந்து எடுப்பதானால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு லென்ஸை அதோடு ஒட்டி வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

அதே வாசகர்: கூட்டத்தில் சில குருவிகளுக்குச் செதிலே இல்லை. வேறு இனமா?

இளம் பறவைகள். மேலே வெறும் பழுப்பு, கீழே வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு. இங்குள்ள ஹவுஸ் ஃபின்ச் பெட்டையோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அதற்கு வயிற்றில் நெடுக்காகக் கோடுகள் இருக்கும், இளஞ்சில்லைக்கு இருக்காது. தனியாக எடுக்காமல் பெரியவற்றோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிட்டால் சந்தேகமே வராது.

லாங் பீச் வாசகி: கோடையில் கறுப்பு வெள்ளையாக, சிவப்பு அலகோடு, உடம்பைவிட நீளமான வாலோடு ஒரு பறவை வந்து மற்றவற்றையெல்லாம் விரட்டுகிறது.

பின் டெயில்டு வைடா, ஆண். ஆப்பிரிக்கப் பறவை, இதுவும் கூண்டு வழியாக வந்ததுதான். நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல, இதன் பெட்டை அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். ஆப்பிரிக்காவில் வேறு சிறு குருவிகளை நம்பியிருந்தது, இங்கே புள்ளிச் சில்லையின் கூட்டைப் பிடித்துக்கொண்டது. ஆசியப் பறவை ஒன்று ஆப்பிரிக்கக் குஞ்சுக்குக் கலிபோர்னியாவில் இரை ஊட்டுகிறது! சில்லை ஒன்று வைடா குஞ்சுக்கு ஊட்டுவது படமாகக் கிடைத்தால் தயவுசெய்து தேதி, இடத்தோடு பதிவு செய்யுங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த வால் போய், கோடு போட்ட பழுப்புக் குருவியாகிவிடும். அதனால் வால் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

பாசடீனா வாசகர்: இவற்றை ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) பதியலாமா? யாரோ வளர்த்துத் தப்பியதாக இருந்தால்?

தாராளமாகப் பதியுங்கள். நிலைத்துவிட்டவை, இன்னும் உறுதியாகாதவை, தப்பி வந்தவை என்று அங்கே தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன. வெளிநாட்டுப் பறவைதானே என்று பலரும் விட்டுவிடுவதால்தான் இவை எப்போது எங்கே பரவின என்ற கணக்கில் ஓட்டை விழுகிறது. பறவையின் கால் தெரியும்படியும் ஒரு படம் எடுங்கள். வளையம் இருந்தால் கூண்டுப் பறவையாக இருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த வால் சிறகும், ஆளைக் கண்டு பயப்படாத குணமும் அப்படித்தான். மெர்லின் செயலி சொல்லும் பெயரை அப்படியே ஒட்டாமல், படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டோரன்ஸ் வாசகி: வெளியூர்ப் பறவைக்குத் தீனி வைப்பது தப்பா? மனசு உறுத்துகிறது.

புள்ளிச் சில்லை பெரும்பாலும் புல்விதையைத் தின்று, மனிதர் மாற்றிய நிலங்களில் வாழ்வது. அதை விரட்டச் சொல்ல மாட்டேன், அதற்கென்று தனித் தீனியும் வைக்க மாட்டேன். என் கவலை தட்டின் சுத்தத்தைப் பற்றித்தான். 2021 தொடக்கத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவி இங்கே பைன் சிஸ்கின் குருவிகள் ஏராளமாகச் செத்தன. தட்டுகளை இறக்கி வைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் குருவியைக் கண்டால், படம் எடுப்பதற்கு முன்னால் தட்டை இறக்குங்கள்.

ஃபுல்லர்ட்டன் வாசகர்: எங்கள் வீட்டு மரத்தில் புல்லால் பந்து மாதிரி கூடு, பக்கவாட்டில் வாசல். கிட்டே போய் எடுக்கலாமா?

வேண்டாம். அது சில்லைக் கூடுதான். இலையை விலக்கினால் காக்கைக்கும் அதன் உறவுப் பறவையான ஜேவுக்கும் நீங்களே வழிகாட்டியாகிவிடுவீர்கள். ஜன்னலிலிருந்து எடுங்கள். நீளமான புல் இதழை வாயில் கவ்விக்கொண்டு, அது பின்னால் நாடா போல நெளிய, பறவை பறந்து வரும். வாசலுக்கு ஒரு முழம் முன்பாகப் போகஸை வைத்துக் காத்திருங்கள்.